வில்லிலிருந்து ஒரு சீவல்

1991ஆம் ஆண்டு மே மாதத்தில், போட்டாதாங் படகுத்துறைக்குப் பின்னால் இருந்த தங்கவேலுவின் வீட்டுப் பரணில் பனி உறைந்தது. அந்த வாரம் ரங்கூனில் சாலைத் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது, உல்லம் மீன் விலை ஏறியிருந்தது, மின்சாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்தது. புளிப்பானையை எடுக்கப் பரண் ஏறிய அவருடைய மனைவி ஜெயம்மா, மூடியின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைக் கண்டு உப்பு என்று நினைத்து நக்கிப் பார்த்தார். பிறகு கரண்டிக் காம்பால் ஒரு துண்டைப் பெயர்த்துத் தட்டில் வைத்துக் கீழே கொண்டுவந்து கணவரிடம் காட்டினார். அவர் பார்த்து முடிப்பதற்குள் அது தண்ணீராகிவிட்டது. தங்கவேலு வியப்படையவில்லை. எரிச்சல்தான் அடைந்தார். பரணில் அவர் நான்கு கட்டைகளை உலரப் போட்டிருந்தார். பனிக்குள் கிடக்கும் மரம் உலராது.

தங்கவேலு சம்பான் படகுகளுக்குத் துடுப்பு செய்பவர். பேச்சு குறைந்த மனிதர். அவரிடம் துடுப்பு வாங்க வருபவர்கள் தாங்களே கேட்டுத் தாங்களே பதில் சொல்லிக்கொண்டு போவார்கள். அவர்கள் தெருவின் அம்மன் கோயிலில் விஜயதசமி அன்று அம்மன் குதிரை வாகனத்தில் திடலுக்குப் போவாள். திடலின் மறுகோடியில் அசுரனாக ஒரு வாழைமரம் நட்டிருக்கும். அம்மன் சார்பில் அதன்மேல் ஓர் அம்பு விடவேண்டும், வில்லைச் செய்தவரே விடவேண்டும் என்பது துறைமுகத்துக்கு முதலில் கூலிகளாக வந்தவர்கள் ஏற்படுத்திய வழக்கம். அம்பு பாய்ந்ததும் கூட்டம் ஓடிப்போய் அதைப் பறித்துக்கொள்ளும். கிடைத்தவர் வீட்டு நிலைமேல் செருகிவைப்பார். 1987இல் வில் செய்யும் முறை தங்கவேலுவுக்கு வந்தது. மூங்கிலை வளைத்துச் செய்தார். அம்பு வாகனம் தூக்கிகளின் கால்களுக்கு நடுவே விழுந்தது. நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்துவிட்டுச் சிரித்தார். கூட்டம் அப்போதும் அம்பைப் பறிக்கத்தான் செய்தது, ஆனால் ஓடாமல் நடந்து வந்து பறித்தது. அந்த நடையைத் தங்கவேலுவால் பொறுக்க முடியவில்லை. வாழையில் ஓர் அம்பை ஊர் பார்க்க ஏற்றிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று அன்றே முடிவுசெய்தார். செய்து முடிக்க இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கிளர்ச்சியால் ஊரே அடைந்து கிடந்தது. துறையில் வேலை இல்லை. ஏரிக்கரையில் வெள்ளைக்காரர் காலத்துக் கிளப் ஒன்றின் காவலாள், அரிசிக்காக உள்ளே இருந்த பழஞ்சாமான்களை விற்றுக்கொண்டிருந்தான். தங்கவேலு ஒரு பை அரிசி கொடுத்து ஆளுயரம் இருந்த ஒரு வில்லை வாங்கி வந்தார். நடுவில் ஒடிந்த வில். ஒடிந்த இடத்தில்தான் அதன் உள்ளே பார்க்க முடிந்தது. ஒட்டுவேலையே இல்லாத ஒரே கட்டை, ஆனால் எய்பவனைப் பார்த்த பக்கம் சிவந்த வைரம், வெளிப்பக்கம் முழுவதும் விரற்கடை கனத்துக்கு வெளுத்த மரம். லான்மடாவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த அப்துல் பாரி அதைச் சுரண்டி முகர்ந்துவிட்டு, வெள்ளைக்காரன் இதை யூ மரம் என்பான், இதன் இலையைத்தான் நாம் தாளிசபத்திரி என்று பொட்டலம் கட்டுகிறோம், வடக்கே பனி பெய்கிற மலைகளில் நிற்கிறது என்றார். அவருக்கு இலை அனுப்புகிற ஆள் மூலமாகச் சொல்லிவிட்டார்கள். 1990 கடைசியில் பிளந்த கட்டைகள் நான்கு வடக்கே மிச்சினாவிலிருந்து வரும் ரயிலில் சாக்குக்குள் வந்து சேர்ந்தன. வெட்டுமுனைகளில் மெழுகு பூசி, வெயில் படாமல் சில ஆண்டுகள் உலரவிட வேண்டும். அதற்காகத்தான் பரண்.

பனியைப் பார்க்க அப்துல் பாரி சால்வை போர்த்திக்கொண்டு ஏணியில் ஏறினார். கட்டைகளைத் தடவிப் பார்த்தார்.

"மரம் இன்னும் மலையிலதான் நிக்குது வேலு. கீழ வந்த சேதி அதுக்குத் தெரியாது."

"யார் சொல்றது பாய் அதுக்கு?"

"நீதான் சொல்லணும். நீ எங்க வாயத் திறக்குற?"

அந்தக் கோடையிலேயே அடுத்த வீட்டு மீன்காரி கரீமா ஒரு கூடை உல்லத்தைப் பரணின் ஓரத்தில் வைத்துக்கொள்ளக் கேட்டார். ஓரமாகத்தானே என்று ஜெயம்மா விட்டுவிட்டார். அடுத்த கோடையில் தயிர்ச் சட்டிகள் வந்தன. அதற்கடுத்த கோடையில் கல்யாண வீட்டு ஆட்டிறைச்சியும், பூக்கடைக்காரரின் மல்லிகையும், காய்ச்சல்காரப் பிள்ளைகளும் வந்தார்கள்; பிள்ளைகளை அரைமணி நேரம் பரணில் படுக்கவைத்து இறக்கினால் சூடு இறங்கியது. ஜெயம்மா ஏணியடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, யார் எதை எப்போது வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை தெருவில் அவரை யாரும் எதற்கும் கேட்டதில்லை. தங்கவேலு தன் கட்டைகளைத் திருப்பிப் போடுவதற்கு மீன்கூடைகளைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. தட்டிப் பார்ப்பார், ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் சத்தம் வரும். இறங்கிவிடுவார். வில் எந்த அளவில் இருக்கிறது என்று அந்தத் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை.

முதல் கட்டையை அவர் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு உலர்த்தினார். இரண்டு ஆண்டுகள் அந்த அடுப்பில் சோறு வேக இரட்டிப்பு நேரம் பிடித்தது. ஜெயம்மா பொறுத்துக்கொண்டார், இன்னொரு கட்டைக்குப் பொறுக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லிவைத்தார். 1994 புரட்டாசியில் வில் உருவாகிவிட்டது. அதைப் பார்க்க வந்த கோயில் தர்மகர்த்தா தேவராஜ் வெளிப்பக்கத்து வெளுப்பைப் பார்த்துத் தயங்கினார்.

"செவப்பு சரி. இந்த வெள்ளைய அம்மன் முன்னால எடுத்துட்டுப் போறதா? புருசன் செத்தவளுக்குக் கட்டின சேலை மாதிரி இருக்கே தங்கவேலு."

அவரைக் குறைசொல்ல முடியாது. தங்கவேலுவுக்கே கட்டைகள் வந்த நாளிலிருந்து அந்த உறுத்தல் இருந்தது. ஒடிந்த வில்லிலும் வெளுப்பு இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தார்; வெள்ளைக்காரர்களுக்கு வெள்ளை ஆகும், நமக்கு ஆகாது என்று சமாதானம் செய்துகொண்டார். கண்ணாடிச் சில்லை எடுத்து ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து வெளுப்பைச் சுரண்டி எடுத்தார். வில் குங்குமம் பூசியதுபோல் நன்றாக இருந்தது. விஜயதசமியன்று திடலில் நாணைக் காதுவரை இழுத்தபோது இரண்டாக முறிந்தது. ஒரு பாதி பறந்துபோய் வாகனக் குதிரையின் காதை உடைத்தது. வளையும்போது இழுபடும் வெளிமுதுகைத் தாங்கியது அந்த வெளுப்புத்தான், வைரம் நசுங்கத்தான் இடங்கொடுக்கும், இழுபட இடங்கொடுக்காது என்பது அவருக்கு அங்கேயே, கையில் மீதிப் பாதியோடு நிற்கும்போதே விளங்கியது. கூட்டத்தில் பலர் முறிந்த துண்டுகளுக்கு ஓடினார்கள். ஒரு துண்டை மோர்ச்சட்டிமேல் வைத்தால் மாலைவரை மோர் கெடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது கட்டையை 1997இல் கால்வாய் வழியாகத் த்வாண்டேவுக்கு எடுத்துப்போனார். அங்கே பானைச் சூளைகளின் வெளிச்சுவர் மாதக்கணக்கில் சூடு ஆறாமல் இருக்கும். ஒரு குயவர் இரக்கப்பட்டு இடம் கொடுத்தார். கட்டையைச் சுவரோரம் சாய்த்த அன்றே சூளைத் தீ சிறுத்தது. விறகை அள்ளிப் போட்டார்கள். தீ எரிந்தது, சூடு மட்டும் வரவில்லை. சூளையைப் பிரித்தபோது பானைகள் பச்சை மண்ணாகவே இருந்தன, சிலவற்றில் விரல் வைத்தால் பதிந்தது. கட்டையோ சுவர்ப் பக்கம் சூடும் மறுபக்கம் பனியுமாக இருந்து நீளவாக்கில் வெடித்திருந்தது. குயவரின் மனைவி ஒன்றும் திட்டவில்லை. ஒரு பச்சைப் பானையை எடுத்து அவர் கையில் கொடுத்து, அடுத்த படகு எப்போது என்று சொன்னார். கால்வாய்ப் பயணம் முழுவதும் தங்கவேலு அந்தப் பானையை மடியில் வைத்திருந்தார். போட்டாதாங் துறையில் இறங்கும்போது அது அவர் வயிற்றின் வடிவத்துக்கு வந்திருந்தது.

மூன்றாவது கட்டையை வார்டு அதிகாரி ஒருவர் கொண்டுபோனார். ஆயுதம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர், பரணில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, சோதனைக்காக ஒரு கட்டை வேண்டும் என்றார். அடுத்த கோடையில் அவர் வீட்டு வாசலில் பனி படர்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அவர் மாற்றலாகிப் போனபோது கட்டையும் மாற்றலாகிப் போனது.

இப்படி மிஞ்சிய நான்காவது கட்டை, பதினேழு ஆண்டுகள் உலராமல் கிடந்தபின், 2008 மே மாதப் புயலின் ஓர் இரவில் உலர்ந்துவிட்டது. புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. கரீமாவின் கூடைகள் ஆற்றுக்குள் போயின. விடிந்து தங்கவேலு ஏறிப் பார்த்தபோது கட்டை மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. தட்டினார். வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டியதுபோல் கேட்டது. கீழே ஜெயம்மா உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்க, அவர் மேலே உட்கார்ந்து மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தார். கூரை போன வீட்டில் இது ஒரு வேலையா என்று ஜெயம்மா கேட்டார். அவர் இன்னொரு முறை தட்டினார்.

புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. உலர்ந்த பின்னும் கட்டையின் குளிர் குறையவில்லை, ஆகவே தெரு முழுவதும் அதையே நம்பியிருந்தது. இந்த நேரத்தில் அவர் வாய்ச்சியை எடுத்தபோது ஊர் வீட்டு முன்னால் கூடிவிட்டது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் சீவல் தரையில் விழுந்ததும் கரீமா அதை எடுத்துத் துணியில் சுற்றிப் பார்த்தார். ஒரு வாரம் குளிர்ந்திருந்தது. அதன்பின் தங்கவேலு வேலைசெய்யும்போதெல்லாம் சுற்றிலும் ஆட்கள் குந்தியிருந்தார்கள். வில்வேலையில் மரத்தைச் செதுக்குவது எளிது, செதுக்காமல் விடுவதுதான் வேலை. சுவரில் தொங்கவிட்டு நாணை இழுத்து, வில்லின் இரண்டு கைகளும், மேல்பாதியும் கீழ்ப்பாதியும், ஒன்றுபோல் வளைகின்றனவா என்று பார்த்து, விறைத்த இடத்தில் மட்டும் கண்ணாடிச் சில்லால் தூசிபோல் எடுக்க வேண்டும். அவர் எட்டப்போய் நின்று பார்ப்பார், நெடுநேரம் பார்ப்பார். பின்னாலிருந்து கரீமா சொல்வார்:

"அண்ணே, அந்த முனை கொஞ்சம் தடியாத் தெரியலை?"

"தெரியலை."

"ஒரு நாலு சீவல் எடுத்தா அழகா வந்துரும்ணே."

"அது மீன் இல்ல கரீமா, செதில் எடுக்க."

கூட்டம் சிரிக்கும், கலையாது. ஆறு மாதம் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். 2008 முடிவதற்குள் வில் முடிந்துவிட்டது, வெளுப்பு அப்படியே முதுகில் இருக்க. தேவராஜ் இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. குதிரைக்கு இன்னும் ஒரு காதுதான் இருந்தது. ஒரு காலை தங்கவேலு வில்லை எடுத்துக்கொண்டு கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த ஆளில்லாத வெளிக்குப் போனார். சந்தையிலிருந்து வாங்கிய வாழைத்தண்டுகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நட்டு, திடலின் நீளத்துக்குத் தள்ளி நின்று எய்தார். அம்பு இரண்டையும் ஊடுருவி அப்பால் சேற்றில் நின்றது. ஒரு நாய் பார்த்தது. வீட்டுக்கு வந்து சொன்னார். ஜெயம்மா கீரை ஆய்ந்துகொண்டே ஊம் என்றார். சரி, புரட்டாசி வரட்டும் என்று வில்லை ஆணியில் மாட்டினார். வில்லுக்குப் பக்கத்தில் மட்டும் சுவர் வியர்த்திருந்தது.

அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது, சிலர் ஜெனரேட்டர் வாங்கினார்கள், கூட்டம் குறைந்தது. ஆனால் எதிர்ச்சந்தில் தனியாக இருந்த ஹாஜராவுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி, நாளும் ஊசி போட்டுக்கொள்பவர். இன்சுலின் குப்பி பல ஆண்டுகளாக இந்தப் பரணில்தான் இருந்தது; கட்டை கீழே இறங்கியதும் பரணில் குளிர் போய்விட்டது. வில் வேலை நடந்தபோது வாரம் ஒரு சீவலைத் துணியில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் குப்பியோடு வைத்து எடுத்துப்போனார். பழைய சீவல்களும் கழித்த துண்டுகளும் தீர்ந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை டப்பாவோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தங்கவேலு துடுப்பு இழைத்துக்கொண்டிருந்தார். ஹாஜரா டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார். வில் ஆணியில் தொங்கியது. கடைசியில் ஹாஜரா, ஜெயம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார். பதினைந்து நாள் கழித்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஜெயம்மா பார்த்துவிட்டு வந்தார்.

"மருந்து கெட்டுப்போச்சாம். வெந்நி மாதிரி இருந்துச்சாம் குப்பி."

"கேட்டிருக்கலாம்ல அவங்க."

"உங்ககிட்டயா?"

தங்கவேலு லான்மடாவுக்குப் போய் அப்துல் பாரியிடம் இன்னொரு கட்டைக்குச் சொல்லச் சொன்னார். வடக்கே அந்த மரங்களையெல்லாம் ஏதோ மருந்துக்கென்று வெட்டி எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்விட்டார்கள், இலைகூட வருவதில்லை என்று பாரி கையை விரித்தார். ஹாஜரா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வெள்ளிக்கிழமை தங்கவேலு கண்ணாடிச் சில்லோடு காத்திருந்தார். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"எனக்கு ஆநாதேயா இருக்கு தம்பி," என்றார் ஹாஜரா. பிறரைச் சிரமப்படுத்தக் கூசும்போது அந்த ஊரில் எல்லாரும் சொல்லும் பர்மியச் சொல் அது. "வில்லு கெட்டுப்போயிரும்ல?"

"ஒரு பக்கம் எடுத்தா மறுபக்கமும் எடுக்கணும். இல்லாட்டி கோணிக்கும்."

ஹாஜரா சற்று யோசித்தார். "அப்ப மறுபக்கத்த அடுத்த வெள்ளிக்கு வச்சுக்கிருவோம்."

அப்படியே நடந்தது. ஒரு வாரம் மேல்கை, மறுவாரம் கீழ்க்கை. ஒவ்வொரு சீவலுக்குப் பின்னும் அவர் நாணை இழுத்துப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் இழுப்பது எளிதாகிக்கொண்டே போனது. தன் தோளுக்கு வலு வந்துவிட்டதா என்று ஒருநாள் நினைக்கப் பார்த்தார். நினைக்க முடியவில்லை. 2009 புரட்டாசியில் திடலில் நின்று அவர் வில்லை வளைத்தபோது, முன்வரிசையில் நின்றவர்களின் வாயிலிருந்து மூச்சு வெண்புகையாக வந்தது. வில் முறியவில்லை, கோணவில்லை, இரண்டு கைகளும் ஒன்றுபோல் பிறைபோல் வளைந்தன. அம்பு பாதித் திடல்வரை போய்ப் புல்லில் படுத்தது. கூட்டம் நடந்துபோய் அதை எடுத்தது. தங்கவேலு வீட்டுக்கு வந்து, வில்லை மாட்டிவிட்டு, வெள்ளிக்கிழமைவரை யாரோடும் பேசவில்லை. வெள்ளிக்கிழமையும் பேசவில்லை, சீவினார்.

2010இல் அவருக்கு அறுபத்து மூன்று. வில் ஒல்லியாகிவிட்டிருந்தது; வைரம் பாதிக்குமேல் போய்விட்டது, வெளுப்பு மட்டும் குறையவில்லை, அதில் அவர் கைவைக்கவில்லை. விஜயதசமிக்கு இந்த முறை வேறு யாராவது எய்யட்டும் என்று தேவராஜிடம் ஆள் அனுப்பினார். வில் செய்தவர்தான் எய்ய வேண்டும், வேறு யாரும் வில் செய்யவில்லை என்று பதில் வந்தது. போனார். வாகனம் வந்து நின்றது, நாதஸ்வரம் நின்றது. அவர் நாணில் அம்பை வைக்கும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டே திடலுக்குள் நடந்தார். வேடிக்கை பார்க்க வேலிக்கு அப்பால் நின்றிருந்த கரீமாவும் புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். இருவரும் மறுகோடிக்குப் போய் அசுரனை வேரோடு பிடுங்கினார்கள். அங்கிருந்து இழுத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள்.

தேவராஜ் ஓடி வந்தார். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, எல்லை என்று ஒன்று இருக்கிறதே என்றார்.

"வில்லு பாதி எங்க வீட்டுலயா இருக்கு?" என்றார் ஜெயம்மா, இழுப்பதை நிறுத்தாமல். "ஊர்லதான் இருக்கு. ஊருதான் நகத்தி வைக்கணும்."

"இருந்த எடத்துல வை," என்று தங்கவேலு கத்தினார். அவர் கத்துவதை அந்தத் தெரு கேட்டதில்லை. அதற்காகவும் அவர்கள் நிற்கவில்லை. கூட்டத்திலிருந்து இன்னும் சிலர் வந்து அடியைத் தூக்கினார்கள். காய்ச்சலில் பரணில் படுத்து எழுந்தவர்கள், இப்போது மீசை வைத்திருந்தார்கள். பாதிக்கு இப்பால் கொண்டுவந்து, கையால் குழி பறித்து, நட்டு, மண்ணை மிதித்தார்கள். ஹாஜரா வேலியோரத்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் எழவில்லை.

தங்கவேலு வாழையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நாதஸ்வரக்காரர் மூச்சு எடுத்து மூச்சு விட்டார், அது வெண்மையாகத் தெரிந்தது. பிறகு அவர் இழுத்து விட்டார். அம்பு போய் வாழையில் தைத்தது. விரற்கடை ஆழம்தான், நுனி உள்ளே இருக்க மீதி தொங்கியது, ஆனால் விழவில்லை. கூட்டம் ஓடியது. அதில் விழுந்து எழுந்து ஓடியவர்கள் இருந்தார்கள், ஒருவர் செருப்பு திடலிலேயே கிடந்தது. அம்பு யாருக்குக் கிடைத்தது என்பதில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு.

வீட்டுக்குப் போகும் வழியில் தங்கவேலு, அது எய்ததாகாது, கிட்டப்போய்க் குத்தியதுதான் என்றார். இரண்டாம் முறையும் அதையே சொன்னார். கிடங்குக்குப் பின்னால் இரண்டு வாழையைத் துளைத்ததை யார் பார்த்தார்கள் என்றும் கேட்டார். நாய் பார்த்ததே என்றார் ஜெயம்மா. ஜெயம்மாவின் சேலையில் வாழைக்கறை பட்டிருந்தது, அது போகாது என்று இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஹாஜரா டப்பாவோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தங்கவேலு வில்லை இறக்கினார். போன வாரம் எந்தப் பக்கம் என்று கேட்டார். மேல்பக்கம் என்றார் ஹாஜரா. தங்கவேலு வில்லைத் திருப்பிப் பிடித்துக் கீழ்க்கையில் ஒரு சீவல் எடுத்தார்.